பையில் தேடியது வாயில் இருந்தது

ஒரு புதன்கிழமை காலை, வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் மாணவர்களை வகுப்புக்கு அனுப்பாமல் மைதானத்திலேயே உட்காரவைத்துவிட்டு, ஆசிரியர்கள் நாங்கள் ஆளுக்கொரு வகுப்பறையாகப் பிரித்துக்கொண்டு போய் அவர்களுடைய புத்தகப் பைகளைச் சோதனை போட்டோம். முந்தின நாள் இரவு பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்திதான் அதற்குக் காரணம். ஸ்ட்ராபெரி வாசனையோடு இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு மிட்டாய் பள்ளி வாசல்களில் விற்கப்படுகிறது, அது உண்மையில் போதைப்பொருள், தின்ற பிள்ளைகள் மருத்துவமனையில் கிடக்கிறார்கள், உடனே எல்லாருக்கும் அனுப்புங்கள் என்று அதில் எழுதியிருந்தது. விடிவதற்குள் எங்கள் தலைமையாசிரியருக்கு இருபது முப்பது பேர் தொலைபேசியில் பேசிவிட்டார்கள். அந்த மிட்டாய்க் கதை 2007 ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிளம்பிய வதந்தி என்பதும், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு நாடு நாடாகச் சுற்றிவருகிறது என்பதும் எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரியவந்தது. அன்று காலையில் நானும் அதை நம்பினேன். என் தங்கைக்கும் அனுப்பி வைத்தேன்.

பைகளிலிருந்து நான்கு கைப்பேசிகள், ஒரு சீட்டுக்கட்டு, ஒரு உதட்டுச் சாயம், என்றைக்கோ வாங்கி மறந்துபோன அழுகிய கொய்யா ஒன்று, ஒன்பதாம் வகுப்புப் பையன் எழுதிக் கொடுக்கத் துணியாமல் நான்காக மடித்து வைத்திருந்த ஒரு கடிதம் ஆகியவை கிடைத்தன. கடிதத்தைப் படிக்காமல் இருந்த இடத்திலேயே வைத்தேன். மிட்டாய் இல்லை, வெள்ளைப் பொடி இல்லை, ஊசி இல்லை. தலைமையாசிரியர் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டார். "நம்ம பிள்ளைங்க தங்கம்" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னதை எல்லாரும் ஆமோதித்தோம்.

அன்று மூன்றாம் பாடவேளை எனக்குப் பதினொன்றாம் வகுப்பில். கடைசி வரிசையில் இருந்த ஒருவனை எழுப்பி ஏதோ ஒரு சமன்பாட்டைச் சமன்செய்யச் சொன்னேன். எழுந்து நின்றவன் வாயைத் திறக்கவில்லை. விடை தெரியாத பையன் தலையைச் சொறிவான், பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பான், காலை மாற்றி நிற்பான். இவன் அவை எதையும் செய்யாமல் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றான். கீழுதடு ஒரு பக்கம் இலேசாகப் பிதுங்கியிருந்தது. நான் மறுபடி கேட்டதும் அனுமதிகூடக் கேட்காமல் வெளியே ஓடி, அரை நிமிடத்தில் திரும்பி வந்து, பிசகில்லாமல் விடையைச் சொன்னான். அவனைக் கடந்து நடந்தபோது புதினா வாசனை அடித்தது. வகுப்பு முடிந்தபின் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்தில் சின்னஞ்சிறு வெள்ளைப் பைகள், பழுப்பேறியும் பழுப்பேறாமலும், கொத்துக் கொத்தாகக் கிடந்தன. அவற்றைப் பல மாதங்களாகவே பார்த்திருக்கிறேன். புதுச் செருப்புப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சப் போட்டு வைப்பார்களே சிலிக்கா ஜெல் பை, அது என்று நினைத்திருந்தேன். வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்ற ஒருத்தி இதை எழுதும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே இருக்கும் யாரிடமாவது மாணவர்களின் போதைப் பழக்கம் என்று சொன்னால், அவர்கள் மனத்தில் எழும் சித்திரம் பெரும்பாலும் தொலைக்காட்சி தந்ததுதான். கரிய பின்னணியில் கோடு கோடாகப் பரப்பிய வெள்ளைப் பொடி, சுருட்டிய ரூபாய் நோட்டு, ஊசி, முகம் மங்கலாக்கப்பட்ட சீருடைப் பையன், சிவப்பு வட்டம், அம்புக்குறி, நெஞ்சைப் பிசையும் இசை, "சீரழியும் மாணவச் சமுதாயம்" என்று கீழே ஓடும் எழுத்து. திரைப்படங்கள் இதை இன்னும் பெரிதாக்கி, துறைமுகம், கன்டெய்னர், வெளிநாட்டு முதலாளி, அவனை எதிர்த்துத் தனியாளாகக் கிளம்பும் நாயகன் என்று கொண்டுபோய்விடுகின்றன. எங்கள் ஊரில் நான் கண்ட பொருளுக்குக் கன்டெய்னர் எதுவும் தேவைப்படவில்லை. அது பிஸ்கட் பொட்டலத்துக்கும் ஷாம்பு சாஷேவுக்கும் பின்னால், பெட்டிக்கடைக்காரரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

கூல் லிப் என்று பையன்கள் சொல்வது, பொடித்த புகையிலையை வடிதாள் போன்ற ஒன்றில் பொதிந்து புதினாக் குளிர்ச்சி சேர்த்த சிறு பை. கீழுதட்டுக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைத்துக்கொண்டால் போதும். புகை இல்லை, அடிக்கடி துப்ப வேண்டியதில்லை, பல்லில் கறை உடனே தெரியாது. வகுப்பறையில் பாடம் நடக்கும்போதே வைத்துக்கொள்ளலாம். நிக்கோட்டின் ஒரு காரம். சுற்றியுள்ள ஊடகத்தின் காரத்தன்மை கூடக் கூட அது வாயின் உட்தோல் வழியே எளிதில் இரத்தத்தில் கலக்கும் வடிவத்துக்கு மாறுகிறது. வாய்ப் புகையிலைப் பொருட்களில் சுண்ணாம்போ வேறு காரப் பொருளோ சேர்ப்பதன் வேலை இதுதான். என் பாட்டி வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி அதன்மேல் புகையிலையை வைத்து மடித்தபோது, எந்தப் பாடப்புத்தகமும் படிக்காமலே இதே வேதியியலைத்தான் செய்துகொண்டிருந்தாள். மெந்தாலின் குளிர்ச்சி எரிச்சலை மறைத்துவிடுவதால், முதல் முறை வைத்துப் பார்க்கும் பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு அருவருப்பு வருவதில்லை. புகையிலை இயற்கையாகவே வைத்திருந்த ஒரே தடை அந்த அருவருப்புதான், அதையும் எடுத்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் 2013 ஆம் ஆண்டு முதல், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் ஆணையைப் புதுப்பித்து, குட்காவும் மெல்லும் புகையிலையும் தடை செய்யப்பட்டு வருகின்றன. புகையிலை உணவா, அதை உணவுச் சட்டத்தைக் கொண்டு தடுக்கலாமா என்ற வழக்கில் 2023 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் தடை ஆணையை ரத்து செய்ய, அந்தத் தீர்ப்பை ஏப்ரலில் உச்சநீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2024 இல் மதுரைக் கிளை, கூல் லிப் வழக்குகளை விசாரித்தபோது பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி மிகுந்த கவலையோடு பேசியது. இந்தச் செய்திகள் எல்லாம் நாளிதழ்களில் வந்தன. உள்பக்கங்களில், ஒற்றைப் பத்தியில் வந்தன. அதே நாட்களில் ஏதோ ஒரு விமான நிலையத்தில் பிடிபட்ட சில கிலோ பொருள் முதல் பக்கத்தில் படத்தோடு வந்தது. ஒரு பிள்ளைக்குப் புகையிலை விற்றால் 2003 ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின்படி அபராதம் 200 ரூபாய் வரைதான். அதே பிள்ளைக்கு அதே பொருளைக் கொடுப்பது 2015 ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77 ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை கடுங்காவலுக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம். இந்த வேறுபாட்டை எந்தத் தொலைக்காட்சி விவாதத்திலும் நான் கேட்டதில்லை. எங்கள் பள்ளிச் சுவரில் "100 கெஜ தூரத்துக்குள் புகையிலைப் பொருட்கள் விற்பது குற்றம்" என்று பெயின்டில் எழுதியிருக்கிறது. ஒரு மாலை நான் வாசலிலிருந்து அந்தக் கடை வரை எட்டு வைத்து எண்ணிக்கொண்டே நடந்தேன். கடைக்காரர் என்னைவிடத் துல்லியமாக அளந்திருந்தார்.

செய்தி இப்படி ஒருபக்கமாகச் சாய்வதற்கு நிருபர்களின் தீய எண்ணம் காரணமென்று நான் நினைக்கவில்லை. போதைப்பொருள் செய்தி பெரும்பாலும் காவல்துறையின் செய்தியாளர் சந்திப்பில்தான் பிறக்கிறது. அங்கே மேசைமேல் அடுக்குவதற்கு ஏதாவது வேண்டும். ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலிலும் லாரியிலும் வரும் கஞ்சாப் பொதிகளை அடுக்கலாம், எடை போடலாம், சந்தை மதிப்பைக் கோடியில் சொல்லலாம். ஆகவே செய்தியில் நமக்குக் கிடைப்பது பிடிபட்ட சரக்கின் கணக்கு. எத்தனை பிள்ளைகள், எந்த வயதில், எதை, யாரிடமிருந்து வாங்கி, ஏன் தொடங்கினார்கள் என்பது வேறு கணக்கு. அதை எடுத்துத் தர யாரும் செய்தியாளர் சந்திப்பு வைப்பதில்லை.

அந்த இரண்டாவது கணக்கு இல்லாமலும் இல்லை. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காகத் தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் எடுத்து 2019 இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி, 10 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் மது அருந்துவோர் 1.3 விழுக்காடு, கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் 0.9 விழுக்காடு, அபின் வகைகளையும் அவற்றைச் சார்ந்த வலி மாத்திரைகளையும் பயன்படுத்துவோர் 1.8 விழுக்காடு, பசை, தின்னர், ஒயிட்னர் போன்றவற்றை முகர்வோர் 1.17 விழுக்காடு. திரைப்படங்களுக்கு மிகவும் பிடித்த கொக்கைன் 0.06 விழுக்காடு. இவற்றில் பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாகக் காணப்படும் ஒரே வகை, முகரும் பொருட்கள். அவை ஹார்டுவேர் கடையிலும் பஞ்சர் கடையிலும் ஸ்டேஷனரி கடையிலும் இருக்கின்றன. எந்தச் சோதனைச் சாவடியிலும் பிடிபட வேண்டியவை அல்ல. வீடு வீடாகப் போய்க் கேட்கும் ஆய்வில், அப்பா பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லும் என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். இந்த எண்களைக் குறைந்தபட்சம் என்றே நானும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் எதற்கு அடுத்து எது என்ற வரிசை, நாம் தொலைக்காட்சியில் காணும் வரிசையிலிருந்து முழுதும் வேறுபட்டிருப்பதை அந்தக் குறைபாட்டின்மேல் போட்டுவிட முடியாது.

புகையிலைக்குத் தனியாக ஓர் ஆய்வு உண்டு. உலக இளையோர் புகையிலை ஆய்வின் நான்காம் சுற்று இந்தியாவில் 2019 இல் நடந்தது. 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதாவதொரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள், பையன்களில் 9.6, பெண் பிள்ளைகளில் 7.4. பத்தாண்டுகளுக்கு முன் 2009 இல் இதே வயதினரில் இது 14.6 விழுக்காடாக இருந்தது. "தலைமுறையே சீரழிந்துவிட்டது" என்று நாள்தோறும் கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கு இந்த இறக்கம் ஒரு செய்தியாகவே வந்து சேரவில்லை. ஆனால் அதே ஆய்வில் எனக்குத் தூக்கம் கெடுத்த எண் வேறொன்று. மெல்லும் புகையிலையைப் பயன்படுத்தும் மாணவர்களில் 52 விழுக்காட்டினர் பத்து வயது நிறைவதற்கு முன்பே அதைத் தொட்டிருக்கிறார்கள். பத்து வயதுக்கு முன்னால் ஒரு பிள்ளை பள்ளி வாசலில் நிற்கும் அந்நியனிடமிருந்தா வாங்குகிறது? பாட்டிக்குப் புகையிலை வாங்கி வா என்று நாம்தான் கையில் காசைக் கொடுத்து அனுப்புகிறோம். நான் ஏழு வயதில் என் அப்பாவுக்கு சிகரெட் வாங்கிவரப் போவேன். மீதிச் சில்லறைக்குத் தேன்மிட்டாய். அந்தக் கடைக்காரர் மிட்டாயையும் சிகரெட்டையும் ஒரே காகிதத்தில் சுற்றிக் கொடுத்தது இன்றும் நினைவிருக்கிறது.

அந்தப் பதினொன்றாம் வகுப்புப் பையனின் கதைக்குத் திரும்புகிறேன். அவனுக்கு அதை முதலில் கொடுத்தது வகுப்புத் தோழனும் இல்லை, கடைக்காரரும் இல்லை என்பதை நான் அறிந்துகொள்ள இரண்டு மாதம் ஆயிற்று. முகூர்த்த நாட்களுக்கு முந்தின இரவுகளில் அவன் ஒரு சமையல் ஒப்பந்தக்காரரிடம் பந்திப் பரிமாறும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். எங்கள் பக்கத்தில் வைகாசி, ஆவணி, தை மாதங்களில் வருகைப்பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் முகூர்த்த நாட்களைப் பஞ்சாங்கம் இல்லாமலே சொல்லிவிடலாம். அந்த அளவுக்குப் பையன்கள் அந்த வேலைக்குப் போகிறார்கள். நள்ளிரவு ஒரு மணிக்கு அண்டா கழுவி, மூன்று மணிக்குத் தேங்காய் துருவி, ஆறு மணிக்கு இலை போட்டு, பத்து மணிக்குப் பள்ளிக்கு வருகிறவனுக்குத் தூக்கம்தான் எதிரி. "இதை ஒதுக்கி வச்சுக்கோடா தம்பி, தூக்கம் ஓடிரும்" என்று உடன் வேலை பார்த்த ஒரு அண்ணன் கொடுத்திருக்கிறான். அந்த அண்ணனுக்கே இருபது வயதுதான் இருக்கும். கெடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. தனக்கு உதவியதைத் தம்பிக்குக் கொடுத்தான். அவனுடைய முகத்தை எந்த நிகழ்ச்சியில் வில்லனாகக் காட்ட முடியும்?

இதையெல்லாம் நான் தெரிந்துகொள்வதற்கு முன்பே அவனுக்கு ஒரு தீங்கைச் செய்துவிட்டேன். அன்று மதியமே ஆசிரியர் அறையில், கொஞ்சம் கண்டுபிடித்த பெருமையோடுதான், நான் பார்த்ததைச் சொன்னேன். கூல் லிப் என்ற சொல் அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போவதற்குள் போதைப்பொருள் என்று ஆகி, தலைமையாசிரியர் காதுக்குப் போகும்போது கஞ்சா என்று ஆகியிருந்தது. காலையில் கேட்ட மிட்டாய்ச் செய்தி எல்லார் காதிலும் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. பள்ளியின் பெயர் செய்தியில் வந்துவிடக் கூடாதே என்ற அச்சம் மற்ற எல்லா யோசனைகளையும் முந்திக்கொண்டது. மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடலாம், எதையும் எழுத்தில் வைக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. அவனுடைய அம்மாவை வரச் சொன்னார்கள். தீப்பெட்டி ஆலைக்குப் போகும் பெண். அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து, என்ன குற்றம் என்று முழுதாகப் புரியாமலே என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சரம்மா, எம்பிள்ளை கஞ்சா குடிக்கிறவன் இல்லம்மா, அவுக அப்பாவை மாதிரி ஆயிரக் கூடாதுன்னு சாமிக்கு முடிஞ்சு வச்சிருக்கேன்" என்று அழுதார். சான்றிதழ் கொடுக்கவில்லை, நானும் இன்னொரு ஆசிரியரும் பேசித் தடுத்துவிட்டோம். ஆனால் பதினொரு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அந்தப் பதினொரு நாளும் அவன் முழுநேரமாகச் சமையல் வேலைக்குப் போனான். அதாவது, அந்தப் பழக்கம் எங்கிருந்து தொற்றியதோ அங்கேயே நாங்கள் அவனை அனுப்பி வைத்திருந்தோம்.

அந்த அம்மாவின் பேச்சில் வந்த அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாணவர்களின் போதைப் பழக்கம் என்ற தலைப்பில் நடக்கும் விவாதங்களில் மது பெரும்பாலும் அரசியல் கட்சிகளின் சண்டையாக மட்டுமே வருகிறது. டாஸ்மாக் கடைகளின் ஆண்டு வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது, 2023 ஜூனில் 500 கடைகள் மூடப்பட்டன, இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது என்பன எல்லாம் பேசப்படும். என் வகுப்பில் நான் காண்பது, தானே குடிக்கும் பிள்ளையைவிட, முந்தின இரவு அப்பா குடித்துவிட்டு வந்ததால் தூங்காத பிள்ளையை. அது செய்தி ஆவதில்லை. ஒவ்வொரு நாளும் நடப்பது எப்படிச் செய்தியாகும்?

செய்தியானது வேறு. 2022 இல், ஓடும் பேருந்தில் பள்ளிச் சீருடையில் இருந்த மாணவிகள் பீர் குடிக்கும் காணொளி ஒன்று தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. அதை எனக்கு அனுப்பியவர்களில் மூன்று பேர் ஆசிரியர்கள். அதற்கு வந்த கருத்துகளில் பீரைப் பற்றிய கவலை குறைவாகவும், குடித்தவர்கள் பெண் பிள்ளைகள் என்ற கொதிப்பு அதிகமாகவும் இருந்தது. சட்டத்தோடு சிக்கலில் இருக்கும் பிள்ளையானாலும் பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையானாலும், பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டக்கூடிய வேறு எந்த விவரமும் ஊடகத்தில் வரக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74 ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முகத்தை மங்கலாக்கிவிட்டுச் சீருடையின் நிறத்தையும் பேருந்தின் வழித்தடத்தையும் காட்டிவிட்டால், அந்த ஊர்க்காரர்களுக்கு முகம் எதற்கு?

இத்தகைய காட்சிகள் பெற்றோரை அச்சுறுத்துவதைவிட, மாணவர்களிடம் செய்யும் வேலை எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அந்தப் பையன் திரும்பி வந்த சில வாரங்களுக்குப் பிறகு, பெயர் எழுதாத துண்டுச் சீட்டுகளைக் கொடுத்து வகுப்பில் இரண்டே கேள்விகள் கேட்டேன். நீ கூல் லிப், பீடி, சிகரெட், மது, வேறு எதையாவது இந்த மாதத்தில் பயன்படுத்தினாயா? இந்த வகுப்பில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று நினைக்கிறாய்? முதல் கேள்விக்கு ஆம் என்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலானவர்கள் பாதி வகுப்பு என்று எழுதியிருந்தார்கள். ஒருவன் "என்னைத் தவிர எல்லாரும்" என்று எழுதியிருந்தான். இது ஆய்வு இல்லை, ஒரு வகுப்பில் ஓர் ஆசிரியை செய்த சின்ன முயற்சி. பொய் எழுதியவர்களும் இருப்பார்கள். ஆயினும் தன்னைத் தவிர எல்லாரும் அதைச் செய்கிறார்கள் என்று நம்பும் பதினாறு வயதுப் பையனுக்கு வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதை அந்தச் சீட்டுகள் எனக்குக் காட்டின. மாணவர்கள் எல்லாரும் போதையில் மிதக்கிறார்கள் என்று பெரியவர்கள் எச்சரிக்கையாகச் சொல்வதை, அவன் தகவலாக எடுத்துக்கொள்கிறான்.

ஊடகத்தின்மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டு எழுந்துபோக எனக்கு மனமில்லை. ஒரு விஷயத்தில் அவர்கள் எங்களுக்கு முன்னால் விழித்திருந்தார்கள். வலி நிவாரண மாத்திரைகளைச் சிலர் போதைக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது எங்கள் ஆசிரியர் அறைக்கு நாளிதழ் வழியாகத்தான் வந்தது. டிரமடால் 2018 இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலுக்குள் கொண்டுவரப்பட்ட பிறகு, டாபென்டடால் என்ற இன்னொரு மாத்திரையின் பெயர் கைதுச் செய்திகளில் அடிக்கடி வரத் தொடங்கியது. அந்தச் செய்திகளில் வருகிறவர்கள் பெரும்பாலும் படிப்பை நிறுத்தியவர்கள், பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்கள். என் பழைய மாணவன் ஒருவன் அவர்களில் ஒருவனாக இருந்தான். ஒன்பதாம் வகுப்பில் இடைநின்றவன். அவன் பள்ளியை விட்டுப் போனபோது எந்தத் தொலைக்காட்சியும் வரவில்லை. நாங்களும் இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கிவிட்டோம். ஆறு ஆண்டுகள் கழித்து அவன் பெயர் செய்தியில் வந்தபோது "முன்னாள் மாணவர்" என்று யாரும் எழுதவில்லை என்பதில் எங்களுக்கு ஓர் ஆறுதல் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

ஆண்டுதோறும் ஜூன் 26 அன்று உலகப் போதை ஒழிப்பு நாள் வருகிறது. 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் தொடங்கிவைத்த "போதைப்பொருள் இல்லாத் தமிழ்நாடு" இயக்கத்துக்குப் பிறகு உறுதிமொழியும், பள்ளிகளில் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றமும் சேர்ந்துகொண்டன. பேரணி போவோம். பதாகைகளில் மண்டை ஓடும் ஊசியும் வரையப்பட்டிருக்கும். வரைந்த பிள்ளைகளில் ஒருவரும் ஊசியை மருத்துவமனைக்கு வெளியே பார்த்திருக்க மாட்டார்கள். பேரணி அந்தப் பெட்டிக்கடையைக் கடந்துதான் போகும். கடைக்காரர் எழுந்து நின்று பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பார். அவர் நல்ல மனிதர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

போதைப்பொருள் விற்பனையைக் காவல்துறைக்குத் தெரிவிக்க 10581, மீள விரும்புகிறவர்களுக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, பிள்ளைகளுக்கு 1098, மாணவர்களுக்குக் கல்வித்துறையின் 14417 என்று எண்கள் இருக்கின்றன. இவற்றில் முதல் எண்ணைத்தான் எங்கள் அறிவிப்புப் பலகையில் பெரிதாக எழுதியிருந்தோம். காட்டிக்கொடுக்கும் எண் மட்டும் கண்ணில் படும் இடத்தில் ஒரு பிள்ளை தன்னைப் பற்றி எப்படி வாயைத் திறக்கும் என்று தோன்றவே, இப்போது மற்றவற்றையும் அதே அளவு எழுத்தில் எழுதியிருக்கிறேன். போதைக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், பயன்படுத்தியதற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குத் தொடரப்படாமல் காக்கும் 64அ என்ற பிரிவு 1985 ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திலேயே இருக்கிறது. அதையும் எளிய தமிழில் எழுதி ஒட்டினேன். பைச் சோதனை இப்போது நடப்பதில்லை. நான் தடுத்தேன் என்று சொல்ல முடியாது. அடுத்த வதந்தி இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பதினொன்றாம் வகுப்புப் பையன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு இப்போது ஐடிஐயில் ஃபிட்டர் படிக்கிறான். போன தை மாதம் ஒரு உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது சாம்பார் வாளியோடு என் இலைக்கு முன்னால் வந்து நின்றான். என்னைப் பார்த்ததும் வாளியைப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய், கேட்காமலே இரண்டு அப்பளம் கொண்டுவந்து வைத்தான். எப்படியப்பா இருக்கிறாய், அம்மா சௌக்கியமா என்று கேட்டேன். நன்றாக இருக்கிறோம் என்பதுபோல் தலையை ஆட்டி, வாயைத் திறக்காமல் சிரித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டான். பின்னால் ஆட்கள் இலைக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். நான் சாப்பிட்டு எழுந்தேன்.